கேட்காமல் பிடித்த காசு

(சிகாமட்டில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேமராவுக்கு முன்னால் நின்று மற்றவர்களைக் கேள்வி கேட்பதுதான் என் தொழில். அன்று சிகாமட்டில் நிலைமை தலைகீழானது. ஒளிப்பதிவு தொடங்கும் முன் ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கைகாட்டி அழைத்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர்.

"ஏன் தம்பி, டிவியில நல்லாத்தான் பேசுறீங்க. ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்க. எங்க சம்பளத்துல மாசா மாசம் ஈபிஎப்புன்னு பிடிச்சாங்களே, எங்கள ஒரு வார்த்த கேட்டா பிடிச்சாங்க?"

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால், அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நான் பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவன். பொருளாதாரம் படித்தவன் அல்லன். எனவே, தயாரித்து வைத்திருந்த உரையை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அம்மாவின் கேள்வியையே அன்றைய பேச்சாக எடுத்துக்கொண்டேன். யார், எப்போது, எதற்காக நம் தாத்தா பாட்டியின் கூலியில் கை வைத்தார்கள்? அப்படிப் பிடித்த காசை யார் காவல் காத்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்குள் நம் சமுதாயத்தின் நூறாண்டு வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

சேமநிதிக்கு முன்பு

1909-ஆம் ஆண்டு கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை ரயில் தண்டவாளம் போட்டு முடிக்கப்பட்டது. அந்தப் பாதை சிகாமட்டையும் லாபிஸையும் தொட்டுக்கொண்டு போகிறது. தண்டவாளம் வந்த பின் ரப்பர் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பத்து அன்னாம், ஜெமெந்தா, பெக்கோக், சாஆ என்று இந்த வட்டாரமெங்கும் லயங்களில் குடியேறினார்கள்.

அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளிக்கு வயதாகிவிட்டால் என்ன நடக்கும்? விடை மிகவும் எளிது. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

1907-ஆம் ஆண்டு தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று மலாயாவில் ஏற்படுத்தப்பட்டது. தொழிலாளர்கள் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு முதலாளிமார்கள் அதற்குப் பணம் கட்டினார்கள். பிறகு அது இந்தியர் குடியேற்ற நிதி என்று பெயர் மாறியது. ஆள்களைக் கப்பலில் இலவசமாக அழைத்து வருவதற்கும், வேலை செய்ய முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்புவதற்கும் அந்த நிதி பயன்பட்டது. தொழிலாளியின் பெயரில் கணக்கு என்று ஒன்றும் இல்லை. அவன் உழைப்பை வைத்துக் கட்டிய பணம்தான். ஆனால், அவன் கையில் வந்து சேர வேண்டிய பணம் அல்ல.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை விழுந்தது. 1930 முதல் 1932 வரை மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் மரம் சீவியவர்கள் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பினார்கள். என் தாத்தா அந்தக் கப்பலில் போகாமல் தப்பியவர். "நம்மள வெட்டுன மரம் மாதிரி பார்த்தான்" என்று அவர் சொன்னதாக என் அப்பா சொல்லுவார். பால் வரும்வரை மரத்துக்கு மரியாதை. பால் நின்றால் விறகு.

இந்தக் குடியேற்ற நிதியின் மிச்சம்தான் 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று புதிய சட்டத்தின் கீழ் வந்தது. 1999-இல் அது கலைக்கப்பட்டது. வயதான தொழிலாளிக்கு உதவுவது தர்ம காரியம் என்று நினைத்த ஒரு காலத்தின் முடிவு அது. தர்மம் வேறு, உரிமை வேறு. அந்த உரிமை 1951-இல் பிறந்தது.

1951 அக்டோபர் 1

ஊழியர் சேமநிதி வாரியம் பிறந்த நாள் 1951 அக்டோபர் 1. அந்த வாரத்தில் மலாயா எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சேமநிதி பிறந்து ஐந்தே நாள்கள்தான் ஆகியிருந்தன. சிகாமட், லாபிஸ், பெக்கோக் வட்டாரம் அவசரகாலத்தில் மிகவும் கொதித்த பகுதிகளில் ஒன்று. வடக்கு ஜொகூர் அடங்குவதற்கு 1958-ஆம் ஆண்டுவரை ஆனது.

துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காலனி அரசாங்கம் தொழிலாளியின் முதுமையைப் பற்றி ஏன் யோசித்தது? பாசம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. 1948-இல் இடதுசாரித் தொழிற்சங்க சம்மேளனம் தடை செய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். தொழிலாளர்களின் கோபம் காட்டுக்குள் போய்விடக் கூடாது என்றால், நாட்டுக்குள்ளேயே அவர்களுக்கு ஏதாவது நம்பிக்கை கொடுத்தாக வேண்டும். அதே வேளையில் கொரியப் போரினால் ரப்பர் விலை ஏறியிருந்தது. முதலாளிமார்களிடம் பணம் இருந்தது. பயமும் பணமும் ஒன்றாகச் சேர்ந்த வேளையில் சேமநிதிச் சட்டம் வந்தது.

நம் நாடு இதில் முன்னோடி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் சேமநிதிக்கான அவசரச் சட்டம் 1951 நவம்பர் 15-இல் வந்தது. நமக்கு ஆறு வாரம் பின்னால். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 ஜூலையில் தொடங்கியது. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958-இல் வந்தது.

இங்கிலாந்தின் கதை இன்னும் சுவையானது. நமக்குச் சட்டம் போட்டுக் கொடுத்த அந்த நாட்டில், தனியார் துறையில் வேலை செய்கின்ற ஒருவரை வேலையிட ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 2012 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒரு சலுகையும் உண்டு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விலகிக்கொள்ளலாம். ஆனாலும், ஒரு கோடிக்கும் அதிகமானோர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் விலகவில்லை. மனித மனம் அப்படித்தான். சேரச் சொன்னால் நாளைக்கு என்று தள்ளிப்போடும். சேர்த்துவிட்டால் அப்படியே இருந்துவிடும். அவர்கள் 2012-இல் கண்டுபிடித்த மனித குணத்தை, நம் தோட்டத்துக் கிராணியின் சம்பளப் புத்தகம் 1952-லேயே அறிந்திருந்தது!

பத்துக் காசும் பத்துக் காசும்

ஆரம்பத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. ஒரு நாள் கூலி இரண்டு வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளி பத்துக் காசு, முதலாளி பத்துக் காசு. மாதம் 26 நாள் பிரட்டுக்குப் போனால் இரண்டும் சேர்த்து ஐந்து வெள்ளி இருபது காசு. சிறு துளிதான்.

சிறு துளிக்குக்கூட அன்று எதிர்ப்பு இருந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். "செத்த பிறகு யாருக்கு இந்தக் காசு?" என்பது ஒரு கேள்வி. "வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிட்டா நம்ம காசும் போயிடுமே?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை யாரும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு ஒரே நாளில் காகிதமானதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

விகிதம் மெல்ல உயர்ந்தது. 1975-இல் தொழிலாளி 6, முதலாளி 7. 1980 இறுதியில் 9, 11. 1993-இல் 10, 12. 1996-இல் 11, 12. இன்று தொழிலாளி 11 விழுக்காடு. மாதச் சம்பளம் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் இருந்தால் முதலாளி 13 விழுக்காடு. அதற்கு மேல் என்றால் 12 விழுக்காடு. 1991-இல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது.

லாப ஈவும் ஏறி இறங்கி வந்திருக்கிறது. 1952 முதல் 1959 வரை 2.5 விழுக்காடு. 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடு. அதுவே உச்சம். 2002-இல் 4.25 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2024-ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு. வழக்கமான சேமிப்புக் கணக்குக்கு எந்த ஆண்டிலும் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுத்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இதற்கிடையே நம் சமுதாயம் பட்ட காயங்களும் உண்டு. 1950-களிலும் 60-களிலும் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றன. அதை எதிர்கொள்ள துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திரும்பினார்கள். ஆனால், 1930-இல் போனவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. நாட்டை விட்டுப் போகிறவர் தன் சேமநிதியை எடுத்துக்கொண்டு போகலாம். தொகை பெரிதல்ல. ஆனாலும் அது அவர் பெயரில் இருந்த பணம். தர்மமல்ல, அவருடைய சொந்தக் காசு.

வேலியும் பயிரும்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கேட்காமல் பிடித்தார்கள், சரி. பிடித்த காசைக் காவல் காப்பது யார்?

கேட்டுப் பிடிக்கிற காசைவிட, கேட்காமல் பிடிக்கிற காசுக்குக் காவல் அதிகம் வேண்டும். வங்கி பிடிக்கவில்லை என்றால் கணக்கை மூடிவிட்டு அடுத்த வங்கிக்குப் போகலாம். சேமநிதியை அப்படி மாற்ற முடியாது. விலக முடியாதவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டும்.

அதனால்தான் சேமநிதி வாரியத்தில் அரசாங்கப் பிரதிநிதிகள், முதலாளிமார் பிரதிநிதிகள், தொழிலாளர் பிரதிநிதிகள் என்று முத்தரப்பும் உட்காருகிறார்கள். துறை நிபுணர்களும் இருக்கிறார்கள். பணத்தை எங்கே முதலீடு செய்வது என்று முடிவெடுக்க தனியாக முதலீட்டுக் குழு ஒன்று உண்டு. நிர்வாகம் ஒரு கையில், முதலீடு இன்னொரு கையில். ஒரே ஆளிடம் பெட்டியையும் சாவியையும் கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் சொன்ன பாடம்தான்.

பெட்டியையும் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பிரிட்டனில் ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற பத்திரிகை முதலாளி 1991 நவம்பரில் கடலில் இறந்து கிடந்தார். அதன்பிறகுதான் அவருடைய மிரர் பத்திரிகை நிறுவனத் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுனுக்கும் அதிகமாகக் காணாமல் போயிருந்தது தெரிய வந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததே 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். அங்கே வேலியே பயிரை மேய்ந்தது.

இலங்கையைப் பாருங்கள். அங்கே மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பும் ஊழியர் சேமலாப நிதியில் இருக்கிறது. அந்த நிதியை நிர்வகிப்பது மத்திய வங்கி. 2015 பெப்ரவரியில் நடந்த திறைசேரிப் பத்திர ஏலம் பெரிய சர்ச்சையானது. ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. சேமலாப நிதி வாங்கிய பத்திரங்களும் அந்த விசாரணையில் பேசப்பட்டன. 2023-இல் நாடு கடனில் தத்தளித்தபோது, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதியின் கையிலிருந்த பத்திரங்களும் மாற்றப்பட்டன. கொழுந்து பறித்த ஒரு பெண்ணின் முதுமை, கொழும்பில் நடக்கும் ஏலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

நம் நாட்டிலும் கேள்விகள் எழாமல் இல்லை. 2001-இல் டைம் டாட்காம் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, ஒரு பங்கு 3 ரிங்கிட் 30 சென் என்ற விலையில் ஊழியர் சேமநிதியும் வாங்கியது. சந்தைக்கு வந்ததும் விலை சரிந்தது. தொழிலாளர் காசை ஏன் அங்கே போட்டீர்கள் என்று நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் குரல் எழுந்தது. அந்தக் குரல் எழுந்ததை நான் நல்ல அறிகுறி என்றே சொல்வேன். பல பத்தாண்டுகளாக நம் சேமநிதியின் பெரும் பகுதி அரசாங்கப் பத்திரங்களில் இருந்தது. நாட்டின் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் அந்தக் காசு உதவியது. இன்று நிதியின் அளவு 1 டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாடுகளில் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது. பெட்டி பெரிதாகிறது. கண்காணிப்பும் அதற்கேற்ப வளர வேண்டும்.

இதெல்லாம் பெரியவர்கள் விஷயம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டானது. அந்தச் சம்பளம் வாங்குபவருக்குத் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221. இரண்டும் சேர்ந்து மாதம் 408 ரிங்கிட். ஆண்டுக்கு 4,896. லாப ஈவே இல்லை என்றால், இந்தச் சேமிப்பு 240,000 ரிங்கிட் ஆவதற்கு 49 ஆண்டு வேண்டும். எதையும் எடுக்காமல் விட்டு, ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவும் சேர்ந்தால் 26 ஆண்டு போதும். நல்ல நிர்வாகத்துக்கும் மோசமான நிர்வாகத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல். இப்போது சொல்லுங்கள், இது நம் விஷயம் இல்லையா?

பிடித்த காசு போய்ச் சேர்ந்ததா?

பெரிய வேலியைப் பற்றிப் பேசினோம். நம் வீட்டு வாசலில் உள்ள சின்ன வேலியையும் பார்க்க வேண்டும்.

என் மாமா ஒருவர் ஒரு காண்டிராக்டரிடம் ஒன்பது ஆண்டு செம்பனைக் குலை வெட்டினார். சம்பளச் சீட்டில் மாதந்தோறும் சேமநிதிக்கென்று ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும். மாமாவும் நம்பிக்கையோடு அந்தச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தார். ஐம்பது வயதானபோது கணக்கைப் பார்க்கப் போனார். ஒன்பது ஆண்டில் ஏழு மாதப் பணம் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. காண்டிராக்டர் எங்கே என்று தேடினால், கம்பெனியே இல்லை. மாமா அன்று வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அந்தப் பிஸ்கட் டின்னை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டு, அதைச் சேமநிதிக்குக் கட்டாமல் விடுவது சாதாரணத் தவறு அல்ல, குற்றம். ஆறு ஆண்டுவரை சிறை, 20,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆனால், சட்டம் தானாக வீடு தேடி வராது. புகார் செய்ய ஆள் வேண்டும். புகார் செய்ய, கட்டவில்லை என்பது முதலில் தெரிய வேண்டும். மாமா ஒன்பது ஆண்டு காத்திருந்தார். ஒன்பதாவது வாரமே பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

1952-இல் எங்கள் தாத்தாவுக்கு ஆண்டுக் கணக்கை வாசிக்க யாராவது எழுத்துத் தெரிந்தவர் வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியிலேயே கணக்கைப் பார்க்கலாம். பார்க்கிறோமா?

சம்பளம் உயர்ந்தால் சேமிப்பு உயரும்

சேமநிதி என்பது சம்பளத்தின் நிழல். ஆள் குட்டையாக இருந்தால் நிழலும் குட்டைதான். தோட்டத் தொழிலாளிக்கு நீண்ட காலம் நாள் கூலியே இருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் சேமநிதியும் இல்லை. 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி.பி.நாராயணன் காலத்திலிருந்து கூலிக்காகப் போராடியது. ஆனாலும், 2000-களின் தொடக்கத்தில்கூட மாதம் 350 ரிங்கிட் குறைந்தபட்ச உத்தரவாதம் என்பதே பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. அந்தச் சம்பளத்துக்கு இரு தரப்புச் சேமநிதியும் சேர்த்து ஏறக்குறைய 80 ரிங்கிட்.

2013 ஜனவரி 1-ஆம் தேதி நாட்டில் முதன்முறையாகக் குறைந்தபட்சச் சம்பளம் அமலுக்கு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட். சேமநிதி உடனே 216 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதே 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் ஓய்வு வயது 60 ஆனது. இவ்விரண்டு சட்டங்களும் தயாரானபோது மனிதவள அமைச்சராக இருந்தவர் டத்தோஸ்ரீ டாக்டர் எஸ்.சுப்பிரமணியம். அப்போது அவர் இந்தச் சிகாமட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். யார் எந்தக் கட்சி என்பது வேறு பேச்சு. முதுமையைப் பற்றிய இரண்டு முக்கியமான சட்டங்களோடு இந்த ஊர்ப் பெயர் சேர்ந்திருக்கிறது என்பதை இங்குள்ள பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடைத்த உண்டியல்

என் அப்பா 2005-இல் 55 வயதில் ஓய்வு பெற்றார். முப்பத்தோர் ஆண்டு உழைப்புக்கு நாற்பதாயிரம் வெள்ளிக்குச் சற்று மேல் கிடைத்தது. அக்காவின் திருமணம், தோட்டத்திலிருந்து வெளியேறி வாங்கிய மலிவு விலை வீட்டின் முன்பணம், ஒரு பழைய கார். நான்கு ஆண்டில் பணம் தீர்ந்தது. அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். எனவே நம்மவர்களின் சேமநிதி முதுமைக்கு முன்னால் கூரைக்குப் போய்விட்டது.

பிறகு கோவிட் பெருந்தொற்று வந்தது. 2020 முதல் 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் கீழ் உறுப்பினர்கள் எடுத்த தொகை மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட். அடுப்பு எரியாத வீட்டில் உண்டியலை உடைக்காதே என்று யார் சொல்ல முடியும்? ஆனால், உடைத்த உண்டியல் உடைத்ததுதான். 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட உறுப்பினர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுக் கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்குக்கு 10. அவசரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் திறந்திருக்கிறது. அதைத் தினமும் திறக்கும் கதவாக்கிவிடக் கூடாது.

நாம் செய்யக்கூடியது

வரலாறு பேசிவிட்டுக் கைதட்டு வாங்கிக்கொண்டு போவது எளிது. மூன்று காரியங்களைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

முதலாவது, மாதம் ஒரு முறையாவது உங்கள் சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். முதலாளி கட்டினாரா என்று பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, வாரிசு நியமனம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்கே பணம் போகும். நியமனம் இல்லை என்றால் குடும்பத்துக்குச் சிறு தொகைதான் விரைவில் கிடைக்கும். மீதிக்கு நிர்வாகப் பத்திரம் எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டவர்கள், மனைவி மக்கள் வந்த பிறகு மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

மூன்றாவது, தானாகச் சேர்க்கப்படாதவர்களை நினைத்துப் பாருங்கள். கடை வைத்திருப்பவர், வாடகைக் கார் ஓட்டுபவர், வீட்டில் பலகாரம் செய்து விற்கும் நம் அம்மாமார்கள். இவர்கள் சம்பளத்தில் பிடிக்க யாரும் இல்லை. ஐ-சாரான் திட்டத்தில் தாமாகவே கட்டலாம். தகுதி உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 500 ரிங்கிட்வரை அரசாங்கம் ஊக்கத்தொகை தருகிறது.

இன்னும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அந்நியத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகியிருக்கிறது. தொழிலாளி 2 விழுக்காடு, முதலாளி 2 விழுக்காடு. இதைப் பற்றிச் சிலர் முணுமுணுக்கிறார்கள். சிகாமட்டின் செம்பனைத் தோட்டத்தில் இன்று குலை வெட்டும் அந்த வங்காளதேசத்துப் பையனை ஒரு நிமிடம் பாருங்கள். அவன் நிற்கும் இடத்தில்தான் நூறாண்டுக்கு முன் நம் தாத்தா நின்றார், கையில் ஒரு தகரப் பெட்டியோடு.

கருத்தரங்கு முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவைத் தேடிப் போனேன். "அம்மா, உங்க கேள்விக்குப் பதில் சொன்னேனா? உங்களைக் கேட்காமத்தான் பிடிச்சாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "தெரியும் தம்பி. கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அஞ்சு புள்ளைங்க, அரிசிக்கே பத்தாது. அவரு போன பிறகு அந்தக் காசுலதான் கடைசிப் பய படிச்சான்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பிடிச்சதுக்குக் கேக்க வேணாம். ஆனா, என் காச என்ன பண்ணுறாங்கன்னு எங்கிட்ட சொல்லணுமா இல்லியா?"

சொல்லத்தான் வேண்டும், அம்மா. கேட்கவும் வேண்டும், நாம்.